வழியில் நடந்தவர்களைச் சிலையாக்கிய ராம்கிங்கர் பைஜ்

ஒரு குடும்பம் நடந்து போகிறது. கணவனின் தோளில் காவுதடி இருக்கிறது. அதில் தொங்கும் கூடையொன்றில் குழந்தை உட்கார்ந்திருக்க, மற்றையதில் வீட்டுச் சாமான்கள் இருக்கின்றன. மனைவி தலையில் சுமையும் இடுப்பில் கைக்குழந்தையுமாக அவனுக்கு ஈடுகொடுத்து எட்டி நடக்கிறாள். கூடவே நாயொன்றும் வருகிறது. ஆளுயரத்தை விஞ்சிய இந்த உருவங்களை 1938ஆம் ஆண்டில், இன்றைய மேற்கு வங்காளத்திலுள்ள சாந்திநிகேதனில், அங்குள்ள கலைக் கல்லூரியான கலாபவனத்தின் மரங்களுக்கிடையே, வெயிலும் மழையும் படும் வெளியில் நிறுத்தியவர் ராம்கிங்கர் பைஜ். சந்தால் என்ற பழங்குடியினரைக் காட்டும் ‘சந்தால் குடும்பம்’ என்ற இந்தப் படைப்பையே இந்தியாவின் முதலாவது நவீனப் பொதுவெளிச் சிற்பமாகக் கலை வரலாற்றாசிரியர் பலர் கொள்கின்றனர்.

இலங்கையின் வடக்கே வன்னியில் சித்திர பாடம் கற்பிக்கும் எனக்கு, உலகத்தின் நவீன சிற்பிகளுள் ஒருவரைப் பற்றி மட்டுமே மாணவர்களிடம் பேசலாம் என்று யாரேனும் கட்டுப்பாடு விதித்தால், ரொடானையோ ஹென்றி மூரையோ விட்டுவிட்டு ராம்கிங்கரையே தெரிவு செய்வேன். அவர் மற்றவர்களைவிடப் பெரியவர் என்று அளந்து சொல்ல வரவில்லை. தன் வாசலைக் கடந்து தினமும் நடந்துபோன மனிதர்களை, அவர்கள் மிதித்து நடந்த மண்ணின் பரற்கற்களைக் கொண்டே, எவரும் கேட்காமல், எவருடைய வெற்றியையும் தோல்வியையும் அறிவிக்காமல், பெரிதாகச் செய்து நிறுத்தலாம் என்று நமக்குக் காட்டியவர் அவர். வன்னியில் வாழும் ஒருவருக்கு இதைவிட நெருக்கமான கலைச் செய்தி வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ராம்கிங்கர் 1906ஆம் ஆண்டு மே 25ஆம் திகதி வங்காளத்தின் பாங்குரா என்ற ஊரில் பிறந்தார். முடி திருத்தும் தொழில் செய்த ஏழைக் குடும்பம் அவருடையது. பாங்குரா மாவட்டத்தில் கல் அரிது. அதனால் அங்குள்ள விஷ்ணுபுரத்தின் கோயில்களைச் செங்கல்லால் எழுப்பி, சுடுமண் பலகைகளில் கதைகளைச் செதுக்கிப் பதித்தார்கள். பாஞ்ச்முரா கிராமத்தின் சுடுமண் குதிரைகளும் அந்த மாவட்டத்துக்கே உரியவை. இத்தகைய ஊரில் பிறந்த சிறுவன், அயலில் சாமி உருவங்களை வனைந்த அனந்த என்ற கைவினைஞரின் அருகே உட்கார்ந்து களிமண்ணைப் பிசையக் கற்றுக்கொண்டான். ஒத்துழையாமை இயக்கம் நடந்த காலத்தில் விடுதலைப் போராட்டத் தலைவர்களின் உருவங்களையும் எழுதினான். அதே ஊரைச் சேர்ந்தவரும் ‘மொடேர்ன் றிவியூ’ இதழின் ஆசிரியருமான ராமானந்த சட்டர்ஜி அந்தக் கையின் திறமையைக் கண்டு, 1925இல் அவரைச் சாந்திநிகேதனுக்கு அழைத்து வந்தார். கலாபவனத்தின் தலைவராக இருந்த நந்தலால் போஸ், அவர் கொண்டுவந்த ஓவியங்களைப் பார்த்துவிட்டு, எல்லாம் தெரிந்த பின்னர் இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்டதாகவும், பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்து பார் என்று சொன்னதாகவும் கூறுவார்கள். அவர் தன் வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்தார்.

அக்காலச் சாந்திநிகேதனில் சிற்பத்துக்கென்று முறையான பயிற்சி அதிகம் இருக்கவில்லை. ரவீந்திரநாத் தாகூரின் அழைப்பில் வந்த ஐரோப்பியச் சிற்பிகள் சிலரிடம் ராம்கிங்கர் சிறிது காலம் பயின்றார். அவர்களுள் மில்வர்ட் அம்மையார் பிரெஞ்சுச் சிற்பி புர்தெல்லின் மாணவி. கம்பிக்கூடு கட்டுவது, அச்சு எடுப்பது போன்ற நுட்பங்களை அவர்களிடமிருந்தே அவர் அறிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் கைக்கு உரமிட்டது மண் வீடுகள்தான் என்பது என் எண்ணம். 1930களின் நடுப்பகுதியில் கலாபவன மாணவர்களுக்காகக் கட்டப்பட்ட ‘கருப்பு வீடு’ மண்ணால் ஆனது. சுவருக்குத் தார் பூசி, அதன்மீது புடைப்புச் சிற்பங்களை நந்தலாலும் ராம்கிங்கரும் மாணவர்களும் சேர்ந்து உருவாக்கினார்கள். 1935இல் தாகூருக்காக எழுந்த ‘சியாமளி’ என்ற வீட்டுக்குக் கூரையும் மண்தான். அதன் வாசலில் சந்தால் ஆணையும் பெண்ணையும் ராம்கிங்கர் புடைப்பாகச் செய்தார். மண் சுவரும் பனையோலைக் கூரையுமான வீட்டில் பிறந்த எங்களைப் போன்றவர்களுக்கு, ஒரு மகாகவி மண் வீட்டைக் கேட்டுக் கட்டுவித்துக் குடியிருந்தார் என்பதும், அதன் சுவரில் கூலித் தொழிலாளர்களின் உருவம் வாசற்காவலாக நின்றது என்பதும் சாதாரணச் செய்திகளாகத் தோன்றுவதில்லை. அதற்கு முந்திய ஆண்டான 1934இல்தான் தாகூர் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்திலும் தம் குழுவினரின் நாட்டிய நாடகத்தை மேடையேற்றினார் என்பதை எங்கள் பெரியவர்கள் பெருமையோடு நினைவுகூர்வார்கள்.

திறந்த வெளியில் அவர் செய்த பெரிய சிற்பங்களில் முதலாவது, 1935இல் யூக்கலிப்டஸ் மரங்களின் நடுவே எழுந்த மெலிந்துயர்ந்த பெண்ணுருவம். அந்த மரங்களுள் ஒன்றாகவே அது நிற்கிறது. நந்தலால் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் ஒரு பாத்திரத்தை வைக்கச் சொன்னார். உடனே அது புத்தருக்குப் பாயசம் எடுத்துச் செல்லும் சுஜாதை ஆகிவிட்டது. இதைத் தாகூர் பார்த்துவிட்டார், கூப்பிட்டு அனுப்பினார் என்று அறிந்தபோது அச்சத்தோடு போனதாகவும், கவியோ கண்டிப்பதற்குப் பதிலாக இந்த இடம் முழுவதையும் இப்படியான சிற்பங்களால் நிரப்பிவிடு என்று சொன்னதாகவும் ராம்கிங்கர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஓர் இளைஞனுக்கு ஒரு மூத்தவர் கொடுக்கக்கூடிய அனுமதிகளில் இதைவிடப் பெரியது இருக்க முடியாது. அந்த அனுமதி கிடைத்து மூன்றாண்டுகளில் சந்தால் குடும்பம் எழுந்தது.

அது எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செய்முறையிலேயே சிற்பத்தின் பொருளும் அடங்கியிருக்கிறது. வெண்கலத்தில் வார்ப்பதற்கு உலைக்களமும் பெரும் பணமும் வேண்டும். அவரிடம் இரண்டும் இல்லை. பளிங்கோ கருங்கல்லோ தொலைவிலிருந்து வர வேண்டும். களிமண்ணும் மண்சுவரும் மழையில் கரையும். எனவே அவர் இரும்புக் கம்பியால் எலும்புக்கூட்டைக் கட்டி, சீமெந்தோடு மணலையும் அந்த நிலத்தின் செந்நிறப் பரற்கற்களையும் கலந்து, கலவையைக் கையால் அள்ளிக் கூட்டின்மீது எறிந்து ஒட்டவைத்தார். அது இறுகத் தொடங்கும்போது உளியால் கொத்தியும் சீவியும் உருவத்தை வெளியே கொண்டுவந்தார். வனைதல் என்பது சேர்த்துச் சேர்த்துச் செய்வது. செதுக்குதல் என்பது கழித்துக் கழித்துச் செய்வது. பள்ளியில் இவை இரண்டையும் வெவ்வேறு முறைகளாகவே கற்பிக்கிறோம். ராம்கிங்கரின் கையில் இரண்டும் ஒரே வேலையின் முன்பாதியும் பின்பாதியுமாகிவிட்டன. சுவருக்குச் சாந்து எறிந்து பூசும் எந்த மேசனுக்கும் இதன் முதற்பாதி உடனே விளங்கும் என்பதை எங்கள் ஊரில் கண்டிருக்கிறேன். படத்தைக் காட்டியதும் அவர்கள் கேட்பது கலவையின் அளவைத்தான்.

எங்கள் கோயில் கோபுரங்களின் உருவங்களும் கம்பியும் செங்கல்லும் சீமெந்துச் சாந்துமாகத்தான் எழுகின்றன. ஆனால் அங்கே கடைசி வேலை மேற்பரப்பை வழவழப்பாக்கி வண்ணம் தீட்டுவது. பொருள் எதுவென்று தெரியாமல் மறைந்துவிட வேண்டும். ராம்கிங்கரோ பரற்கல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்படியே விட்டுவிட்டார். கொல்கத்தாவுக்குச் செல்ல வாய்த்தபோது, போல்பூர் வரை ரயிலில் போய் அந்தச் சிற்பத்தை நேரில் பார்த்தேன். சாந்திநிகேதனைச் சுற்றியுள்ள நிலம் சிவந்த பரல் நிலம். மழைநீர் அதை அரித்து ஆழமான பள்ளங்களை உண்டாக்கியிருக்கிறது, அவற்றை அங்கே கோவாய் என்கிறார்கள். எங்கள் கிரவல் வீதிகளின் நிறம் அது. சிற்பத்தின் மேற்பரப்பும் அதே நிலத்தின் சொரசொரப்பைக் கொண்டிருக்கிறது. வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் ஒவ்வொரு பரலுக்கும் ஒரு சிறு நிழல் உண்டாகி, பெண்ணின் முதுகும் ஆணின் கால்களும் அசைவதுபோல ஆகின்றன. புகைப்படத்தில் சாம்பல் நிறமாகத் தெரியும் ஒன்றுக்கு இத்தனை உயிர் இருக்கும் என்று அங்கே போவதற்கு முன்னர் நான் நினைத்திருக்கவில்லை.

பீடம் மிகத் தாழ்ந்தது. இது தற்செயலானதல்ல. அன்றைய இந்தியாவின் பொது இடங்களில் நின்றவை பெரும்பாலும் ஆளுநர்களும் அரசர்களும் குதிரைவீரர்களும்தான். அவர்களை நிமிர்ந்தே பார்க்க வேண்டும். தமிழர் எல்லோரும் அறிந்த சென்னை மெரினாவின் உழைப்பாளர் சிலை, மற்றொரு வங்கச் சிற்பியான தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் படைப்பு. 1959இல் நிறுவப்பட்ட அது சந்தால் குடும்பத்துக்கு 21 ஆண்டுகள் பிந்தியது. பாறையைப் புரட்டும் அந்த நான்கு ஆண்களின் தசைத் திரட்சியை நான் மதிக்கிறேன். ஆனாலும் அவர்கள் உழைப்பின் அடையாளமாக உயரத்தில் நிற்கிறார்கள். அவர்களுக்கு வீடு எது, பிள்ளை எது என்று கேட்கத் தோன்றுவதில்லை. சந்தால் குடும்பத்தின் முன் நிற்கும்போது முதலில் தோன்றும் கேள்வியே இவர்கள் எங்கே போகிறார்கள் என்பதுதான். பார்ப்பவன் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கவேண்டிய உயரத்தில் அவர்கள் வருகிறார்கள்.

சந்தால் மக்கள் கிழக்கிந்தியாவின் பழங்குடியினர். வயல் வேலைக்கும் ஆலை வேலைக்கும் இடம்விட்டு இடம் பெயர்ந்து சாந்திநிகேதனின் சுற்றுப்புறங்களில் குடியேறியவர்கள். ராம்கிங்கர் செதுக்கிய குடும்பமும் பிழைப்புக்காக இருந்த இடத்தை விட்டுப் புறப்பட்ட குடும்பம்தான். அதை இங்கே எடுத்துச் சொல்வது அவசியம், ஏனென்றால் எங்கள் மாணவர்கள் இந்தப் படத்தைப் பார்த்தவுடன் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்லத் தொடங்குகிறார்கள். ஒரு மாணவி, “சேர், நாயையும் கூட்டிக்கொண்டு போகினம்” என்றாள். பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி, “எங்கட அம்மம்மாவின்ர நாய் விசுவமடு மட்டும் பின்னால வந்ததாம்” என்றாள். இறுதிப் போரின்போது, 2008இன் பிற்பகுதியிலிருந்து 2009 மே வரை கிளிநொச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று கிழக்கு நோக்கி நகர்ந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். பலர் அதற்குப் பின் பிறந்தவர்கள். அந்த வீதியில் என் தாயாரோடு நடந்தவன் நானும். உழவு இயந்திரப் பெட்டியில் இடம் கிடைத்தவர்கள் ஏறினார்கள், மற்றவர்கள் சைக்கிளை உருட்டினார்கள், சைக்கிளும் இல்லாதவர்கள் உரப்பையையும் தறப்பாளையும் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள்.

எறிகணைக்கு அஞ்சி ஓடுவதும் கூலி வேலை தேடிப் போவதும் ஒன்றல்ல; இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் சந்தால் மக்களின் வாழ்க்கைக்கும் எங்கள் இழப்புக்கும் அநீதி செய்தவர்கள் ஆவோம். நான் கவனிக்கச் சொல்வது அந்தச் சிற்பத்தின் நடையை. ராம்கிங்கர் அவர்களை அழுபவர்களாகச் செய்யவில்லை, கையேந்துபவர்களாகவும் செய்யவில்லை. பாரம் அவர்களை அழுத்துகிறது, ஆனால் குனியவைக்கவில்லை. உடல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது, எட்டி வைக்கும் அடி நீளமானது, பார்வை எதிரே இருக்கிறது. அந்த ஆணும் பெண்ணும் தங்கள் குழந்தைகளுக்கும் நாய்க்கும் பொறுப்பானவர்கள் என்பது அவர்கள் கால் வைக்கும் விதத்திலேயே தெரிகிறது. எங்களைப் பற்றி வெளியான படங்களில் எங்கள் முகங்கள் எப்போதும் கதறிக்கொண்டே இருக்கின்றன. கதறினோம் என்பது உண்மை. குழந்தைக்குத் தண்ணீர் எங்கே எடுக்கலாம், அம்மாவை எந்த மரநிழலில் இருத்தலாம், சாமானில் எதை விட்டுவிட்டு எதைத் தூக்கலாம் என்று ஒவ்வொரு நூறு யார் தூரத்துக்கும் கணக்குப் போட்டு நடந்தோம் என்பதும் அதே அளவு உண்மை. இந்த இரண்டாவது உண்மையைச் சொல்லும் உருவத்தை, அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன் பாங்குராவில் பிறந்த ஒருவர் செய்து வைத்திருந்தார் என்பதுதான் என்னை அவரிடம் கட்டிப்போட்டது.

1956இல் அவர் செய்த ‘ஆலையின் அழைப்பு’ இதற்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது. போல்பூர்ப் பகுதியின் அரிசி ஆலையில் சங்கு ஊதிவிட்டது; இரண்டு சந்தால் பெண்கள் விரைந்து ஓடுகிறார்கள்; குளித்து நனைந்த சேலை காற்றில் பறந்து காய்ந்துகொண்டே வருகிறது; பின்னால் பிள்ளையொன்று ஓடி வருகிறது. முதல் சிற்பத்தில் குடும்பம் நிலத்தை ஒட்டி நகர்ந்தது. இதில் காற்றே வடிவமாகிவிடுகிறது. கனமான கொங்கிறீட்டைக் கொண்டு பறக்கும் துணியைச் செய்திருக்கிறார். பதினெட்டு ஆண்டு இடைவெளியில் அதே மக்களின் வாழ்க்கையும் மாறிவிட்டது என்பதை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உணரலாம்: காவுதடி போய்விட்டது, நேரம் வந்துவிட்டது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் விடியற்காலையில் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சிற்பமே நினைவுக்கு வருகிறது.

இவற்றை மட்டும் சொன்னால் அவரை உழைப்பாளர்களின் சிற்பி என்று ஒரு சிமிழுக்குள் அடைத்ததாகிவிடும். 1940இல் அவர் செய்த ‘விளக்குத்தண்டு’ எந்த மனித உருவத்தையும் காட்டாதது. இந்தியாவின் முதல் அரூபச் சிற்பங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. 1943இல், வங்காளம் பெரும் பஞ்சத்தில் அழிந்துகொண்டிருந்த ஆண்டில், அவர் செய்த நெல்லடிக்கும் உருவத்துக்குத் தலை இல்லை. வளைந்து ஓங்கும் உடம்பு மட்டுமே இருக்கிறது. எங்கள் களங்களில் சூடடித்த நாட்களை அறிந்த எவரும் அந்த உடம்பின் வேகத்தை அடையாளம் காண்பார்கள். அந்த வேலைக்கு முகம் தேவையில்லை என்று சிற்பி தீர்மானித்தது எவ்வளவு சரி என்பதும் விளங்கும். தாகூரின் தலையை அவர் செய்தபோதும் முகஸ்துதி செய்யவில்லை. ஒன்றில் கண்ணும் மூக்கும் தாடியும் கரைந்து வெறும் தளங்களாகின்றன. கவியின் இறுதிக் காலத்துச் சாயலைக் கொண்ட மற்றொன்றில் தலை கவிழ்ந்து, அயர்ச்சியும் கவலையும் நிறைந்த முதியவர் இருக்கிறார். உலகமே குருதேவர் என்று வணங்கியவரை அவருடைய நிழலில் வாழ்ந்த ஒருவர் இப்படிச் செய்தது, அந்த அன்பு எவ்வளவு நேர்மையானது என்பதைச் சொல்கிறது.

புதுடில்லியில் ரிசர்வ் வங்கிக் கட்டடத்தின் முகப்பில் நிற்கும் யக்ஷனும் யக்ஷியும் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய அரசு சார்ந்த பணி. மதுராவின் பார்க்கம் யக்ஷனையும் பெஸ்நகர் யக்ஷியையும் முன்மாதிரியாகக் கொண்டு, செல்வத்தின் பழைய காவலனின் கையில் இயந்திரப் பற்சக்கரத்தைக் கொடுத்தார். ஐம்பதுகளின் நடுவில் தொடங்கிய வேலை அறுபதுகளின் பிற்பகுதியில்தான் முடிந்தது. யக்ஷியின் நிர்வாணம் குறித்து நாடாளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது. எனக்கு இந்தச் சிற்பங்களின்மீது மதிப்பு உண்டு, ஆனால் அன்பு குறைவு. பெருங்கல்லும் பெரும் கட்டடமும் அவருடைய கையின் வேகத்தைத் தணித்துவிட்டன என்றே நினைக்கிறேன். எறிந்து ஒட்டவைக்கும் சாந்தில்தான் அவர் முழுமையாக இருந்தார்.

சொந்த வாழ்வில் அவர் ஒன்றையும் சேர்த்து வைக்கவில்லை. முறைப்படி மணம் செய்துகொள்ளாமல் ராதாராணியுடன் வாழ்ந்தார். ஊரார் பேச்சை இருவரும் பொருட்படுத்தவில்லை. வங்காள நாடோடிப் பாடகர்களான பாவுல்களின் பாடல்களையும் தாகூரின் பாடல்களையும் உரத்த குரலில் பாடுவார். மாணவர்களைச் சேர்த்து நாடகங்களை இயக்குவார். 1975இல் திரைப்பட இயக்குநர் ரித்விக் கட்டக் அவரைப் பற்றி ஒரு படம் எடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டில் கட்டக் இறந்துவிட்டதால் அது நிறைவு பெறவில்லை. தன் குடிசையின் கூரை ஒழுகியபோது, தீட்டி முடித்த எண்ணெய் வண்ணக் கன்வசுகளையே கூரையில் கட்டி மழையைத் தடுத்த கதையை ராம்கிங்கர் அதில் சொல்கிறார். எண்ணெய் வண்ணம் தண்ணீரை உள்ளே விடாது அல்லவா. தறப்பாளின் கீழே மழைக்காலத்தைக் கழித்த எங்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை, ஆனால் ஒரு தேசத்தின் மிகச் சிறந்த ஓவியங்கள் சில அந்தக் கூரையில் இருந்திருக்கும் என்று நினைக்கையில் நெஞ்சு பதைக்கிறது.

1970இல் பத்ம பூஷண் விருது வந்தது. 1971இல் கலாபவனத்திலிருந்து ஓய்வு பெற்றார். சாந்திநிகேதனின் பல்கலைக்கழகமான விஸ்வபாரதியின் தேசிகோத்தமப் பட்டமும் பின்னர் வந்து சேர்ந்தது. 1980 ஆகஸ்ட் 2ஆம் திகதி கொல்கத்தா மருத்துவமனையில் காலமானார். அவரிடம் பயின்ற சங்கோ சௌத்ரி பரோடாப் பல்கலைக்கழகத்தில் சிற்பத் துறையை வளர்த்தெடுத்தார். கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கே. ஜி. சுப்பிரமணியன் சாந்திநிகேதனில் கற்ற மண்பற்றைப் பரோடாவுக்கும் பின்னர் மீண்டும் சாந்திநிகேதனுக்கும் கொண்டு சென்றார். 2023இல் யுனெஸ்கோ சாந்திநிகேதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. வெளியில் நிற்கும் அவருடைய சீமெந்துச் சிற்பங்களுக்கு வயதாகிறது. உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்தால் வீங்கும், வீங்கினால் மேல் ஓடு வெடிக்கும். மலிவான பொருளைத் தெரிவு செய்ததற்கான விலை அது. அந்தப் பொருள் மலிவாக இருந்திராவிட்டால் அந்தச் சிற்பங்களே இருந்திரா.

வன்னிக்கு வருகிறேன். ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் பண்டார வன்னியனின் நினைவாக இருந்த பழைய கல், 1803 அக்டோபர் 31ஆம் திகதி அவனைக் கப்டன் வொன் ட்றிபேர்க் தோற்கடித்தான் என்று அறிவிப்பது. வென்றவர்கள் நாட்டிய கல் அது. கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம், குண்டு பாய்ந்து வெடித்த பெரும் கட்டியும் அதன்மேல் மலரும் தாமரையும் நிற்கின்றன. புதுக்குடியிருப்புப் பக்கத்தில் துப்பாக்கியும் கொடியும் ஏந்திய போர்வீரன் நீரின் நடுவே எழுந்து நிற்கிறான். இருநூறு ஆண்டுகள் கடந்தும் இந்நிலத்தின் நினைவுக் கற்களில் பெரும்பாலானவை யார் வென்றார்கள் என்பதையே பேசுகின்றன. பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் பிள்ளையையும் பாயையும் சுமந்து நடந்தவர்களுக்கு, நடந்த அந்த நடைக்கு, ஓர் உருவம் வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அதை ஒரு கட்சியோ அரசோ செய்ய வேண்டியதில்லை என்பதும், வெண்கலம் தேவையில்லை என்பதும், பீடம் உயரமாக இருக்கவே கூடாது என்பதும் ராம்கிங்கரிடமிருந்து நான் பெற்ற துணிவு.

பெரிய சிற்பத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் கலவையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதால் பாடசாலையில் சிறு கட்டிகளாகச் செய்து பார்க்கிறோம். கிரவலில் களி கலந்திருக்கிறது. அதை அரித்து, கழுவி, காயவைத்த பின்னரே சீமெந்தோடு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காமல் உதிரும். கடற்கரை மணல் ஆகாது, அதன் உப்பு கம்பியைத் தின்றுவிடும். ஆற்று மணலையே எடுக்கிறோம். ஒன்றுக்கு மூன்று என்ற அளவில் சேர்த்த கலவை எறிவதற்கு ஏற்றதாக இருக்கிறது. காலையில் எறிந்ததை மாலைக்குள் செதுக்கிவிட வேண்டும், மறுநாள் உளி இறங்காது. செதுக்கி முடித்ததும் ஈரச் சாக்கால் மூடி, ஒரு வாரமேனும் தண்ணீர் தெளித்து ஆறவிட வேண்டும், எங்கள் வெயிலில் இதைத் தவறவிட்டால் மேற்பரப்பு மயிரிழையாக வெடிக்கிறது.

என்ன உருவம் செய்வது என்பதில் மாணவர்களிடையே நீண்ட விவாதம் நடந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் சாமான்களின்மேல் உட்கார்ந்திருக்கும் அம்மம்மாவும், அவவின் மடியில் பேத்தியும், பெட்டியின் பின்னால் நடந்து வரும் நாயும் என்று முடிவாகியிருக்கிறது. அம்மம்மாவின் முகத்தில் துக்கம் தெரிய வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அவ சாமானை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும் என்று நாயின் கதையைச் சொன்ன மாணவி பிடிவாதமாக நிற்கிறாள். நான் அவள் பக்கம். அவளுடைய தந்தை மேசன்; கம்பிக்கூட்டைக் கட்டித் தர ஒத்துக்கொண்டிருக்கிறார். சித்திரை விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியதும் வேலையை ஆரம்பிக்கிறோம்.